விருந்தாளியை மறித்த நாற்றுமுடி

விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். மாணவர் பரிமாற்றப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, அந்த மார்தட்டலைக் கொஞ்ச நாளைக்கு ஒத்தி வையுங்கள் என்பதுதான். இந்த வேலையில் என்னை அதிகம் திணறடித்தது விசாவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ரயிலைத் தவறவிட்ட பிள்ளைகளும் இல்லை. நம் ஊர் உபசாரம்தான்.

நீங்கள் வரவேற்பு விழாவை அழகாக நடத்துகிறீர்கள். பார்த்தேன். கும்பகோணத்துப் பித்தளை விளக்கு, சால்வை, வாழையிலைச் சாப்பாடு, கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு புகைப்படம். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தில் நிற்கிற யாரும் இன்னும் சிநேகிதர்கள் ஆகவில்லை. சிநேகம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு சேற்று வயலில் கண்ணால் பார்த்தவள் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடையிடையே என்னை நானே மெச்சிக்கொள்வேன். பணி ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் சலுகை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைத் தகராறு, கூலித் தகராறு என்று தஞ்சாவூர் ஜில்லா முழுக்க இதே பேச்சு. ஒரே ஊரில் டீக்கடை வாசலில் ஒரு கொடி, தொழிலாளர் தெரு முனையில் சிவப்புக் கொடி, மிராசுதார் வீட்டு வாசலில் போலீஸ்காரர் என்று இருந்த காலம். இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கல்லூரிக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் முதன்முதலாக இடம் கிடைத்தது. ஊர் கெட்டுக் கிடக்கும்போது வெளிநாட்டுப் பெண்ணை வரவழைப்பதா என்று சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "வீட்டைக் கழுவிவிட்டு ஆளைக் கூப்பிட இது என்ன பொண்ணு பாக்குற சடங்கா? வரட்டும். ஊரு எப்படி இருக்கோ அப்படியே பாக்கட்டும்." அதோடு பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்.

திட்டத்தின் விதி எளிமையானது. ஒருத்தி வந்தால் ஒருத்தி போகலாம். ஜூன் மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு மாணவி இங்கே வருவாள். பொங்கல் முடிந்ததும் நம் மாணவி அங்கே போவாள். வந்தவள் அதற்குள் பாதியில் மூட்டையைக் கட்டினால் நம் மாணவியின் இடமும் போய்விடும்.

அந்த நம் மாணவி ரஸியா. பெரிய கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். வகுப்பில் யாரும் வாய் திறக்காதபோது இவள் கேள்வி கேட்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் உட்காரவும் மாட்டாள். அவளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இரண்டு மனதே இல்லை. அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அவருக்குத்தான் இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஆண்பிள்ளைகள் மலேயாவுக்கும் வளைகுடாவுக்கும் போனதுண்டு. கல்யாணமாகாத பெண் தனியாக விமானம் ஏறியதை யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் போய்ப் பேசியபோது அவர் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார்.

"அந்தப் பொண்ணு மொதல்ல இங்க எப்படி இருக்கான்னு பாக்குறேன் டீச்சரம்மா. எங்கேயோ பொறந்த பொண்ணு நம்ம ஊர்ல சிரிச்சிக்கிட்டு இருந்தா, என் பொண்ணும் அங்க சிரிச்சிக்கிட்டு இருப்பான்னு நம்புவேன். அவ அழுதுகிட்டுக் கெளம்பினா, இவ போகவே வேணாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்றிலிருந்து ரஸியாவின் பயணம் இன்னொரு பெண்ணின் சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ரஸியாவுக்கும் தெரியும்.

வந்தவள் பெயர் இங்கெர். பண்ணைக் குடும்பத்துப் பெண். மாடு கறப்பாள், டிராக்டர் ஓட்டுவாள், வைக்கோல் கட்டைத் தனியாகத் தூக்குவாள். விவசாயக் குடும்பத்தில் தங்க ஆசைப்பட்டாள். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு கிராமத்தில் ராமநாதன் என்று ஒரு மிராசுதார் இருந்தார். பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டதால் பெரிய வீட்டில் அவரும் அவர் மனைவி கோமதி அம்மாளும்தான். கேட்ட மாத்திரத்தில் சம்மதித்தார்கள். கோமதி அம்மாள் ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்ற ஒரே வார்த்தையைக் கற்றுக்கொண்டு, அந்தப் பெண் வாசலுக்கு வந்து இறங்கியதிலிருந்து அறையில் படுக்கப் போகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். இங்கெர் சாப்பிட்ட தட்டை எடுக்கக் கூடாது. கிணற்றில் ஒரு வாளி இறைக்கக் கூடாது. துணியை வேலைக்காரப் பெண் துவைப்பாள். தெருவில் நடந்தால் பின்னாலேயே ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு வருவான். அடுப்பங்கரை வாசலில் நின்றால், "புகை கண்ணுக்கு ஆகாதும்மா" என்று கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து இளநீர் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இதெல்லாம் உயர்ந்த மரியாதை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

ஆவணி கடைசியில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. என்னை நம்பவும் இல்லை. எதையும் தொடவிடுவதில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்துத் தோல் சீவச் சொல்வோம். அப்போதுதான் அவர் எங்களில் ஒருவர் என்று அர்த்தம். நான் அங்கே பொம்மைபோல் இருக்கிறேன். ஊருக்குப் போகிறேன்."

அறைக்கு வெளியே ரஸியா நின்றிருந்தாள். சனிக்கிழமைதோறும் இங்கெருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அழுகைச் சத்தம் கேட்டு அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே வந்து தன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கெர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவளை அனுப்பாமல் விடுவதில்லை என்று எனக்கு வைராக்கியம் வந்தது அந்த இடத்தில்தான்.

மறுநாளே கோமதி அம்மாளிடம் போய், அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுங்கள் என்றேன்.

"வேலையா? வந்த பொண்ணுகிட்ட வேலை வாங்குறதா? நல்லா சொன்னீங்க டீச்சர்! ஊரு என்னைக் காறித் துப்பும்."

"ஊரை நான் பாத்துக்கறேங்க. நீங்க அரிவாள்மணையை அவகிட்ட தள்ளி விடுங்க."

அரை மனதோடு கத்தரிக்காய் நறுக்கக் கொடுத்தார். அந்த வாரமே மாவாட்டுகிற வரைக்கும் போய்விட்டது. இங்கெர் தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லைச் சுற்றுவதைப் பார்க்கக் கோமதி அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன் என்பது தெரியாமல் முழுக் கிணறும் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, வழக்கம்போல் நானும் ரஸியாவும் டவுன் பஸ்ஸில் போய் அந்த ஊர்ப் பாலத்தடியில் இறங்கினோம். சாலை ஓரம் போலீஸ் ஜீப் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வரப்பு முழுக்கப் பெண்கள். கையில் கொடி, முகத்தில் கோபம். ஊரில் நடவுப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நடவுக் கூலியாக அளக்கிற நெல்லைக் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். ராமநாதன் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. பேச வேண்டுமானால் வழக்கம்போல் என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வரட்டும் என்றார். கொல்லைப்புறத்தில் கைகட்டி நின்று பேசிய காலம் போய்விட்டது, அவர் வயலுக்கு வரட்டும் என்றார்கள் இவர்கள். கூலியை விட்டுவிட்டு, யார் யாரிடம் வருவது என்பதில் வந்து நின்றுவிட்டது சண்டை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ராமநாதன் வெளியூர் ஆட்களை இறக்கி நடப்போகிறார் என்று ஊரில் வதந்தி. அதனால்தான் போலீஸ்.

அந்த வெளியூர் ஆள் வந்தே விட்டாள். சேற்றுக்குள் கோமதி அம்மாளின் பழைய புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, கையில் நாற்றோடு, வெள்ளைவெளேரென்று டென்மார்க்கிலிருந்து வந்த எங்கள் இங்கெர்.

நடந்தது இதுதான். நடவு நடுவதைப் பார்க்க வேண்டும், தானும் நட வேண்டும் என்று அவள் முந்தின நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். ராமநாதன் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். பண்ணையாட்கள் பறித்துப் போட்ட நாற்று வயலில் கிடந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே இறங்கி நடுகிறாள் என்று பார்க்கட்டுமே என்று அவருக்கு ஒரு வீம்பு. கோமதி அம்மாளுக்கோ, ஆசைப்பட்ட பிள்ளையை ஏன் தடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வேலைநிறுத்தம் என்ற வார்த்தையை மட்டும் அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிறகு கோமதி அம்மாளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட நம்ம வீட்டுச் சண்டையைச் சொல்லுவாங்களா டீச்சர்?"

உபசாரம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, இதைத்தான். விருந்தாளியின் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது என்று காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் அவளைக் கலவரத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிற சாமர்த்தியம் நமக்கு மட்டும்தான் உண்டு.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். சின்ன வயது, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், நல்ல வேளை வந்தீங்க. அந்தப் பொண்ண இப்பவே ஜீப்ல ஏத்துங்க. வெளிநாட்டுக்காரிக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும். நேரா தஞ்சாவூர் கொண்டு போயிடறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். பத்திரமான வழியும் அதுதான். உங்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்வீர்கள், செய்துவிட்டு அறிக்கையும் எழுதுவீர்கள். நான் அந்த ஜீப்பைப் பார்த்தேன். அதில் அவள் ஏறினால் என்ன ஆகும் என்று வரிசையாகத் தெரிந்தது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குத் தகவல், சென்னையிலிருந்து டெல்லிக்கு, அங்கிருந்து அவள் நாட்டுத் தூதரகத்துக்கு. ஒரு வாரத்தில் அவளை விமானம் ஏற்றிவிடுவார்கள். போலீஸ் பாதுகாப்போடு ஊரைவிட்டுப் போனவளாகவே அந்தக் கிராமம் அவளை நினைவில் வைத்திருக்கும். ரஸியா ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். என் பக்கத்தில் நின்ற ரஸியாவும் அந்த ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் குடுங்க சார்" என்றேன்.

"கல்லு விழுந்தா?"

"விழாது."

விழாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் நாம் தயங்கினால் எதிரில் இருப்பவர் நம் தயக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார். பதறுகிற குரலில் எடுத்த சரியான முடிவைவிட நிதானமான குரலில் கேட்ட அவகாசம் பலமுறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தேன். ரஸியா பின்னாலேயே வந்தாள்.

இங்கெர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். நான் ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்தப் பெண்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். நீ நட்டுக்கொண்டிருப்பது அவர்களுடைய வேலை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோயிற்று. "ஏன் யாருமே என்னிடம் சொல்லவில்லை?" என்றாள். பிறகு கையிலிருந்த நாற்றை மெல்லக் கீழே வைத்துவிட்டு வரப்பை நோக்கி வந்தாள்.

அப்போதுதான் பெண்களின் கூட்டத்திலிருந்து அஞ்சம்மாள் இறங்கி வந்தாள். நடவுப் பெண்களுக்குத் தலைவி அவள். வயலில் கிடந்த நாற்றுக் கட்டுகளில் ஒரு முடியை எடுத்து, இங்கெரின் காலுக்கு முன்னால் சேற்றில் நச்சென்று வைத்தாள். வரப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். சாலையில் சப்-இன்ஸ்பெக்டர் லத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, நான் இரண்டு கையையும் ஆட்டி அவரை நிறுத்தினேன். பட்டணத்துக்காரர், பாவம். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நடவு நடக்கும்போது வயல் பக்கம் புது ஆள் வந்தால், நடவுப் பெண்கள் காலடியில் நாற்றுமுடியை வைத்து மறித்துக் குலவை போடுவார்கள். மறிக்கப்பட்டவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் அதைத் தாண்ட வேண்டும். கொடுக்காமல் தாண்டினால் அவமரியாதை. சாதாரண நாளில் அது கேலியும் சிரிப்புமாக முடிந்துபோகும். அன்று அஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

ரஸியா விளக்கியதும் இங்கெர் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். அவளிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

"கடிகாரத்த வச்சி நாங்க என்ன பண்றது? மணி பாத்தா வேலைக்கு வர்றோம்?" என்றாள் அஞ்சம்மாள்.

எனக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது. அஞ்சம்மாளைப் பார்த்துக் கேட்டேன்: "ஏம்மா, ஒரு வீட்டு விருந்தாளிய மறிச்சா, யாரு குடுக்கணும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். மெதுவாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"வீட்டுக்காரருதான் டீச்சரம்மா. விருந்தாளி எதுக்குக் குடுக்கணும்? அவரு வந்து குடுத்து அழைச்சிக்கிட்டுப் போகட்டும்."

யார் யாரிடம் வருவது என்றுதானே சண்டை? அவர் வயலுக்கு வந்தால் தோற்றதாக ஆகும். விருந்தாளியை மீட்க வந்தால் யார் அவரைக் குறை சொல்வார்கள்? ரஸியாவை மிராசுதார் வீட்டுக்கு அனுப்பினேன். நான் போயிருக்கலாம். ஆனால் இங்கெரை அங்கே தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நடந்ததைக் கோமதி அம்மாள் பிறகு எனக்கு எத்தனையோ முறை நடித்தே காட்டியிருக்கிறார். ரஸியா முற்றத்தில் நின்று, "உங்க வீட்டு விருந்தாளிய நாத்து வச்சி மறிச்சிருக்காங்கய்யா. நீங்க வந்து மீட்கணுமாம்" என்றிருக்கிறாள். ராமநாதன் ஒரு நோட்டை எடுத்துக் காரியஸ்தரிடம் நீட்டி, கொடுத்துவிட்டு அழைத்து வா என்றிருக்கிறார். ரஸியா நகரவில்லை.

"காரியஸ்தர் போனா, அவங்க காரியஸ்தர் வீட்டு விருந்தாளின்னு ஆயிடுங்களேய்யா. அவங்க உங்க வீட்டு விருந்தாளி இல்லீங்களா?"

அவர் முன்னால் அப்படிப் பேசிய முதல் பெண் அவள்தானாம். ராமநாதன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோமதி அம்மாள் கொடியில் கிடந்த குடையை எடுத்தார். "அந்தப் புள்ள வெயில்ல நிக்கிது. நீங்க வரலன்னா பரவால்ல, நான் போறேன்." அந்த வீட்டு அம்மாள் வயலில் கால் வைத்ததே இல்லை. மனைவி வயலுக்குப் போக, அவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வரப்பின் மறுமுனையில் அந்த மூவரும் வருவதைப் பார்த்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டினார்கள். முன்னால் ரஸியா, பின்னால் குடையோடு கோமதி அம்மாள், கடைசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராமநாதன்.

ராமநாதன் பணம் எடுக்க வேட்டி மடியில் கைவிட்டார். அஞ்சம்மாள் தடுத்தாள்.

"பணம் வேணாங்கய்யா. ஒரு வார்த்தை குடுங்க. அதுபோதும்."

"இங்கேயா பேசறது?"

"வந்துட்டீங்கல்ல. நாங்களும் நிக்கிறோம்."

அவர் இங்கெரைப் பார்த்தார். "மொதல்ல அந்தப் பொண்ண விடுங்க. அப்புறம் பேசலாம்."

அதற்கு இங்கெரே பதில் சொன்னாள். ரஸியாவிடம் கற்ற தமிழ், தடுக்கித் தடுக்கி வந்தது: "நான் நிக்கிறேன். நீங்க பேசுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோமதி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, இங்கெர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். ஒரு நண்டு இங்கெரின் கால்விரலைக் கவ்வியது. வலியில் முகம் சுளித்தாளே தவிர, அவள் அசையவில்லை. குடைக்குக் கீழே அந்த இருவரையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு நேரம் வீம்பு பிடிக்க முடியும்? பேச்சு சூடாகவே நடந்தது. அஞ்சம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை, ராமநாதனும் லேசில் இறங்கவில்லை. இரண்டு முறை அவர் திரும்பிப் போகிற மாதிரி அடி எடுத்து வைத்தார். இரண்டு முறையும் கோமதி அம்மாள் குடையை மறுகைக்கு மாற்றினார். உச்சி வெயில் வருவதற்குள் கேட்ட கூலிக்கு அவர் தலையசைத்தார்.

அதன்பின் எழுந்த குலவை, பாலத்தடியில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்களையெல்லாம் எட்டிப் பார்க்க வைத்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அஞ்சம்மாள் குனிந்து நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு, இங்கெர் நட்டிருந்த வரிசையைப் பார்த்தாள். "இது நடவா? கோழி கெளறின மாதிரில்ல இருக்கு!" எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவளைத் தனக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் நிற்கவைத்தாள். எப்படி நாற்றைப் பிரிப்பது, விரலை எவ்வளவு ஆழம் விடுவது என்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். இங்கெரும் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே நட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "மேடம், இப்ப நான் ரிப்போர்ட்ல என்னத்த எழுதறது?"

"வெளிநாட்டு மாணவி நடவு கத்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க சார். பொய் இல்லியே."

ஊர் அந்த ஒரே நாளில் மாறிவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். அடுத்த அறுவடையில் வேறு தகராறு வந்தது. ஆனால் பேசுகிற இடம் கொல்லைப்புறத்திலிருந்து வரப்புக்கு மாறிவிட்டது, அது பிறகு திரும்பவே இல்லை. இங்கெரிடம் அந்த வீட்டார் எதையும் மறைப்பதையும் விட்டுவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் ராமநாதனும் அவளும் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் உரக்கச் சண்டை போடுவார்கள். அவள் அஞ்சம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த நாளிலிருந்து கோமதி அம்மாள் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தாங்கமாட்டாமல், "அவ மீன் கொழம்புல என்ன போட்டா?" என்று கேட்டிருக்கிறார். சண்டை போடவும் கோபித்துக்கொள்ளவும் உரிமை வந்த பிறகுதான் அவள் அந்த வீட்டுப் பெண் ஆனாள். பிள்ளைகளே, உங்கள் விருந்தாளி முதல்முறை ஒரு வீட்டில் சண்டை போட்டாள் என்று செய்தி வந்தால் பதறி ஓடாதீர்கள். ஒரு காபி வாங்கிக் குடியுங்கள்.

எனக்கு இன்னொரு பயம் பாக்கி இருந்தது. கடைத்தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? மிராசுதாருக்கும் கொடிக்காரர்களுக்கும் நடுவில் ஜவுளிக்கடைக்காரர் மகள் போய் நின்றாள் என்று அன்று மாலையே போய்விட்டது. திங்கட்கிழமை காலை ரஸியாவின் அத்தா கல்லூரிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, இறுகிய முகம். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு அழுதாளா டீச்சரம்மா?"

"ஆவணியில அழுதா. இப்ப சிரிக்கிறா. நேத்து கடைக்கு வந்தாளாமே, நீங்களே பாத்திருப்பீங்க."

"பாத்தேன். கால் முழுக்கச் சேறு. புடவை வாங்கிக்கிட்டு, அதக் கட்டிக்கிட்டு நடவு நடணுமுன்னு சொல்லுது." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு குரல் மாறிவிட்டது. "அந்த மிராசுதார் கடைக்கு வந்தா நான் எழுந்து நிக்கிறவன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவர வீட்டுல இருந்து கெளப்பி வயலுக்கு நடத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா என் பொண்ணு. இவள எந்த நாட்டுக்கு வேணும்னாலும் அனுப்பலாம். எங்க கையெழுத்துப் போடணும்?"

பேனாவை நான்தான் கொடுத்தேன். அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் கழிந்து ரஸியா கிளம்பினாள். சென்னைக்கு ரயிலேற நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனோம். கடைத்தெருவில் பாதி அங்கேதான் இருந்தது. ராமநாதன் தம்பதி காரில் வந்தார்கள். அஞ்சம்மாளும் நடவுப் பெண்களில் சிலரும் பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். ரஸியாவின் அம்மா கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டியை இங்கெர் தூக்கிக்கொண்டு நின்றாள். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று ரஸியாவைப் பயமுறுத்திக்கொண்டே தன் கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் திணித்தாள். ராமநாதனும் அஞ்சம்மாளும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, நடுவில் இருந்த ரஸியாவுக்கு ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை யாரும் புகைப்படம் எடுக்கவில்லை.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் ரஸியாவின் கை தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ரஸியாவின் அத்தா மட்டும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பெண்ணை அனுப்பிவிட்டோமே என்று நினைக்கிறாரோ என்று பயந்து மெதுவாக அவர் பக்கத்தில் போனேன். அவர் வேறு யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்:

"அடுத்த வருசத்துக்கு ஆள் எடுத்துட்டீங்களா டீச்சரம்மா? என் தம்பி மகள் ஒருத்தி இருக்கா. ரஸியாவவிட வாய் ஜாஸ்தி."